புளூ கார்னருக்கு ஏன் கொடுத்தாய்? – குத்துச்சண்டை விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

அமெச்சூர், ஒலிம்பிக் குத்துச்சண்டையைக் கவனிக்கும் வேர்ல்ட் பாக்சிங் அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், தொழில்முறைப் பட்டங்களை வழங்கும் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் பெயர் பெற்றவன் அல்ல. இளம் வயதில் கொஞ்ச நாள் ரிங்கில் ஏறினேன். ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். பிறகு கயிற்றுக்கு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சின்னச் சின்ன அமெச்சூர் போட்டிகளில் மார்க் போடுகிற ஜட்ஜ். உள்ளே நின்று சண்டையை நடத்தும் ரெஃபரியையும் வெளியே உட்கார்ந்து மார்க் போடும் ஜட்ஜையும் நாம் 'நடுவர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இந்த மடல் முழுக்க இரண்டாமவரைப் பற்றியது. அதாவது என்னைப் பற்றியது.

ஒரு போட்டியைச் சொல்கிறேன். சிவப்பு மூலை வீரனை ரெட் கார்னர் என்றும் நீல மூலை வீரனைப் புளூ கார்னர் என்றும் சொல்வோம். என் கணக்கில் முதல் இரண்டு ரவுண்டில் ரெட் கார்னருக்கு ஒன்று, புளூ கார்னருக்கு ஒன்று. மூன்றாவதில் முடிவாக வேண்டும். நான் புளூவுக்கு 10-9 போட்டேன், அதாவது ரவுண்டை ஜெயித்தவனுக்கு 10, மற்றவனுக்கு 9. ஐந்து ஜட்ஜுகளில் மூவர் அவன் பக்கம் இருந்ததால் புளூ 3-2 என்று ஜெயித்தான். கீழே இறங்கிய ரெட் கார்னர் பையன் நேராக என்னிடம் வந்து, "சார், நான் எங்க விட்டேன்?" என்று கேட்டான். கோபமே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "நல்லாத்தான் ஆடின, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். சில நாள் கழித்து, எனக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து யாரோ போனில் எடுத்த வீடியோ வந்தது. புளூவின் குத்துகளில் பாதி ரெட்டின் முழங்கையிலும் கிளவுஸிலும் விழுந்திருந்தன. ரெட்டின் இடது ஹூக்குகளோ புளூவின் விலாவில் சுத்தமாக இறங்கியிருந்தன. அப்போதெல்லாம் புளூவின் முதுகுதான் என் பக்கம் இருந்தது. நான் அவற்றைப் பார்க்கவே இல்லை.

எனக்கு யாரும் பணம் தரவில்லை, மிரட்டவில்லை, புளூ எனக்குச் சொந்தக்காரனும் இல்லை. ஆனாலும் தப்பாகப் போட்டேன். அதைவிட என்னை உறுத்துவது வேறு. அந்தப் பையனைத் தவிர வேறு யாரும் என்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு போட்டிக்கு என்னைக் கூப்பிட்டார்கள், போய் உட்கார்ந்தேன்.

பெரிய மேடைகளின் கதையும் இதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறை அநியாயத் தீர்ப்பு வரும்போதும் நீங்கள் மார்க்கைக் கூட்டுகிற முறையை மாற்றுகிறீர்கள். போட்டவரை உட்கார வைத்து ஏன் போட்டாய் என்று கேட்கும் ஏற்பாடு மட்டும் வருவதே இல்லை.

1988 சியோல் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். 71 கிலோ பிரிவின் இறுதிப் போட்டி. அமெரிக்கத் தொலைக்காட்சி எண்ணிய கணக்கில் ராய் ஜோன்ஸ் ஜூனியரின் குத்துகள் 86, தென்கொரியாவின் பார்க் சி-ஹுனின் குத்துகள் 32. தங்கம் 3-2 என்று பார்க்குக்குப் போனது. அந்த ஒலிம்பிக்கின் தலைசிறந்த வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையோ, தோற்ற ஜோன்ஸுக்கு! லஞ்சம் கைமாறியதற்கு ஆதாரமில்லை என்று 1997இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி விசாரணையை முடித்துக்கொண்டது. 2023இல் பார்க் தாமாகவே அமெரிக்கா போய், அந்தப் பதக்கத்தை ஜோன்ஸின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். 35 வருஷம்! அந்த இரவில் மார்க் போட்டவர்கள் எந்தக் குத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று அவர்கள் கையாலேயே எழுதிய ஒரு வரி இருந்திருந்தால், இரண்டு பேருக்குமே அவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்காது.

சியோலுக்கு மருந்தாக வந்ததுதான் பட்டன். 1992 பார்சலோனாவில் ஐந்து ஜட்ஜுகள் முன்னாலும் பெட்டி வைத்தார்கள். குத்து விழுந்தால் அமுக்க வேண்டும். ஐவரில் மூவர் ஒரு வினாடிக்குள் அமுக்கினால்தான் பாயின்ட். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு ஜட்ஜ் தனியாகத் திருட முடியாது அல்லவா? ஆனால் நடந்தது என்ன? உலக சாம்பியனாக இருந்த அமெரிக்காவின் எரிக் கிரிஃபின், ஸ்பெயினின் ரஃபேல் லோசானோவிடம் 6-5 என்று தோற்றார். பிறகு ஜட்ஜுகள் அமுக்கியதைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், ஐந்து பேருமே கிரிஃபினுக்குத்தான் அதிகம் அமுக்கியிருந்தார்கள். ஒருவர் கொஞ்சம் முந்தி, ஒருவர் கொஞ்சம் பிந்தி. அந்த ஒரு வினாடி வாசலுக்குள் மூன்று விரல்கள் ஒன்றுசேரவில்லை. ஐவரும் தனித்தனியாக ஜெயித்தார் என்று சொன்ன ஆளை, ஐவரையும் சேர்த்துக் கூட்டிய யந்திரம் தோற்கடித்துவிட்டது.

அந்தப் பெட்டி இன்னொரு சேதமும் செய்தது. வயிற்றிலும் விலாவிலும் விழும் குத்து தூரத்திலிருந்து தெரியாது; தலை பின்னால் போனால்தான் விரல் அசையும். நாலு குத்தை அடுக்கி விட்டாலும் ஒன்றுக்குத்தான் பட்டன் அமுங்கும். இதைக் கோச்சுகள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். உடம்பில் அடிப்பதை விட்டு, நெருங்கிச் சண்டை போடுவதை விட்டு, நீட்டித் தொட்டுவிட்டு ஓடும் ஒரு ஆட்டத்தைப் பையன்களுக்குப் பழக்கினார்கள். ஜட்ஜ் எதை எண்ணுகிறாரோ அதுதான் ஆட்டமாகிவிடும். யந்திரத்தை நம்பி விதி எழுதுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

2013இல் பட்டனைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொழில்முறையில் இருப்பது போலப் பத்துப் பாயின்ட் முறைக்கு வந்தார்கள். ரவுண்டை ஜெயித்தவனுக்கு 10, தோற்றவனுக்கு 9 அல்லது அதற்கும் கீழே. 2016 ரியோவில் அதற்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள்: ஐவர் மார்க் போடுவார்கள், அதில் எந்த மூவருடையது சேரும் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் எடுக்கும். அந்தப் பூட்டின் கதை உங்களுக்கே தெரியும். கால் இறுதியில் அயர்லாந்தின் மைக்கேல் கான்லனை ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட ரஷ்யாவின் விளாடிமிர் நிகிட்டின், காயத்தால் அரை இறுதியில் ரிங்குக்கே வர முடியவில்லை. 91 கிலோ இறுதிப் போட்டியில் கஜகஸ்தானின் வாசிலி லெவிட் தோற்றதாக அறிவித்தபோது அரங்கமே கூச்சல் போட்டது. ரியோவில் இருந்த 36 ரெஃபரி, ஜட்ஜுகளில் ஒருவரும் டோக்கியோவுக்குப் போகவில்லை. 2021இல் கனடாவின் சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மெக்லாரன் ரியோ குத்துச்சண்டை பற்றிய தம் விசாரணை அறிக்கையைக் கொடுத்தார். எந்தப் போட்டிக்கு எந்த ஜட்ஜ் என்று முடிவு செய்யும் இடத்திலேயே கை வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் அதன் சாரம். ஆட்களையே பொறுக்கி உட்கார வைத்துவிட்ட பிறகு, ஐந்தில் மூன்றைக் குலுக்கி எடுத்து என்ன பயன்?

டோக்கியோவில் ஐந்து ஜட்ஜுகளின் மார்க் கார்டும் சேர்ந்தன. அங்கே மேரி கோமுக்கு நடந்ததைப் பாருங்கள். கொலம்பியாவின் இங்கிரிட் வாலென்சியாவுடன் மூன்று ரவுண்டு. முதல் ரவுண்டு 4-1 என்று வாலென்சியாவுக்கு. அடுத்த இரண்டும் 3-2, 3-2 என்று மேரிக்கு. ரவுண்டுக் கணக்கில் மேரி இரண்டு, எதிராளி ஒன்று. ஆனால் ஜட்ஜுகளின் கார்டுகளைத் தனித்தனியே கூட்டினால் 3-2 என்று வாலென்சியா. தாம்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டே மேரி ரிங்கை விட்டு இறங்கினார். இதில் யாரும் திருடவில்லை, கூட்டலும் பிசகவில்லை. பார்சலோனாவில் தனித்தனியாகக் கூட்டியிருந்தால் கிரிஃபின் ஜெயித்திருப்பார். டோக்கியோவில் ரவுண்டு வாரியாகக் கூட்டியிருந்தால் மேரி ஜெயித்திருப்பார். எப்படிக் கூட்டினாலும் ஒருவருக்கு அநியாயமாகத் தோன்றும். அதனால்தான் புதிதாக ஒரு கூட்டல் முறையை எடுத்துக்கொண்டு நான் உங்களிடம் வரவில்லை.

தொழில்முறைக்காரர்கள் இது அமெச்சூர் வியாதி என்று ஒதுங்க வேண்டாம். 1987 ஏப்ரலில் மார்வின் ஹேக்லருக்கும் சுகர் ரே லியனார்டுக்கும் 12 ரவுண்டு. ஒரு ஜட்ஜ் 115-113 ஹேக்லர் என்றார், ஒருவர் 115-113 லியனார்டு என்றார், மூன்றாமவர் 118-110 லியனார்டு என்றார். அதாவது ஒருவர் கண்ணில் ஹேக்லர் ஏழு ரவுண்டு ஜெயித்தார், இன்னொருவர் கண்ணில் இரண்டே இரண்டு. முப்பது வருஷம் கழித்து, 2017 செப்டம்பரில், கனெலோ அல்வாரெஸும் கெனாடி கோலோவ்கினும் மோதியபோது ஒரு கார்டு 115-113 கோலோவ்கின், ஒன்று 114-114, ஒன்று 118-110 கனெலோ. முடிவு டிரா. அதே 118-110! (இரண்டு சண்டையிலும் உட்கார்ந்திருந்த ஒரு ஜட்ஜ் உண்டு; அவர் இரண்டிலும் 115-113தான் போட்டார் என்பது வேடிக்கை.) 118-110 போட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் இருந்த நிலைமையில் அவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டு ரவுண்டில் எந்த ரவுண்டில் எதைக் கண்டு போட்டார்கள் என்பதை அவர்களின் கார்டு சொல்லாது. அதில் எண்கள் மட்டும்தான்.

எண்கள் எவ்வளவு மறைக்கும் என்று பாருங்கள். 115-113 என்றால் ஏழுக்கு ஐந்து ரவுண்டு. ஏழும் மயிரிழையில் ஜெயித்த ரவுண்டுகள், மற்ற ஐந்தும் எதிராளி இவனைத் துவைத்து எடுத்த ரவுண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் 10-9 என்றே போட்டால் மயிரிழைக்காரன் ஜெயிப்பான். அந்த ஐந்து ரவுண்டுக்கும் 10-8 போட்டிருந்தால் 113-110 என்று மற்றவன் ஜெயித்திருப்பான். ஆள் கீழே விழாமல் 10-8 போடக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனாலும் கை வருவதில்லை. எனக்கும் வந்ததில்லை. போட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். 10-9 போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்து, நாங்கள் உட்காரும் இடம். ரிங்கின் தளம் எங்கள் மார்பு உயரத்தில் இருக்கும். நாங்கள் தாழ்ந்த நாற்காலியிலிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். கண்ணுக்கு நேரே கயிறு, கயிற்றுக்கு முன்னால் போட்டோகிராபர்கள், நடுவில் ரெஃபரியின் முதுகு. 1999 மார்ச்சில் லெனாக்ஸ் லூயிஸும் எவாண்டர் ஹோலிஃபீல்டும் மோதியபோது, குத்துகளை எண்ணியவர்கள் லூயிஸுக்கு 348, ஹோலிஃபீல்டுக்கு 130 என்றார்கள், அறிவித்தது டிரா. லூயிஸ் கை ஓங்கியிருந்த ஐந்தாவது ரவுண்டை ஒரு ஜட்ஜ் ஹோலிஃபீல்டுக்குக் கொடுத்திருந்தார். டி.வி.யில் பார்த்தது, தாம் அன்று தம் இடத்திலிருந்து பார்த்ததல்ல என்று பிற்பாடு அவர் சொன்னார். உலகமே அவரைத் திட்டியது. எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டு டி.வி. பார்ப்பவனுக்கு நாலு கேமரா. தீர்ப்புச் சொல்பவருக்கு ஒரே ஒரு பக்கம்!

காதுக்கும் இதே கதைதான். கூட்டத்துக்குப் பிடித்தவன் காற்றில் வீசினாலும் அரங்கம் அதிரும். மற்றவன் சுத்தமாக இறக்கினாலும் ஊசி விழுந்தால் கேட்கும். ஐரோப்பியப் பட்டப் போட்டிகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. இரண்டு வீரர்களும் சமபலம் என்று வைத்துக்கொண்டால், சொந்த மண்ணில் ஆடுபவர் ஜெயிக்கும் வாய்ப்பு நாக் அவுட்டில் 57 சதவீதம், ரெஃபரி சண்டையை நிறுத்தும் டெக்னிக்கல் நாக் அவுட்டில் 66, ஜட்ஜுகள் கைக்கு வந்த முடிவுகளில் 74. மனிதர் தலையிடத் தலையிட எண் ஏறுகிறது. அதற்கு எங்கள் எல்லாரையும் திருடர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. காது கேட்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேண்டுகோள், சுலபமானது: எங்கள் நாற்காலியை உயர்த்துங்கள். காதுக்கு ஹெட்போன் கொடுங்கள். எதிர்ப் பக்கத்துக் கேமரா காட்டும் ஒரு சின்னத் திரையை ஒவ்வொருவர் முன்னாலும் வையுங்கள். பட்டப் போட்டி நடத்தச் செலவாகும் பணத்தில் இது தூசு.

இரண்டாவதுதான் நான் இந்த மடலை எழுதக் காரணம். ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் எண்ணோடு காரணத்தையும் எங்களிடம் வாங்குங்கள். விதியில் அளவுகோல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தொழில்முறையில் சுத்தமான குத்து, பலனுள்ள முன்னேற்றம், ரிங்கைத் தன் வசம் வைத்திருப்பது, தற்காப்பு. அமெச்சூரில் குத்தின் தரம், நுட்பத்திலும் உத்தியிலும் கை ஓங்கியிருப்பது, விடாமல் போராடுவது. கார்டில் இவற்றுக்குக் கட்டங்கள் போட்டு, எதனால் கொடுத்தேன் என்று டிக் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம்: மயிரிழை, தெளிவு, ஒருபக்கம். கூடவே ஒரு கட்டம், இதுதான் முக்கியம்: 'எனக்குச் சரியாகத் தெரியவில்லை.' ஒரு நிமிஷ இடைவேளையில் இதற்குப் பத்து வினாடி போதும். போட்டி முடிந்ததும் எல்லாக் கார்டையும் அப்படியே வெளியிடுங்கள்.

டிக் அடிக்க வேண்டும் என்றாலே கண் வேறு மாதிரிப் பார்க்கும். 'சுத்தமான குத்து' என்ற கட்டத்தில் பேனா வைக்கும்போது, அது எங்கே விழுந்தது என்று மனசு ஒரு முறை ஓட்டிப் பார்க்கும். நான் அன்று அதைச் செய்யவில்லை. புளூவின் கை வேகமாக ஓடியது, அதற்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது, அந்தக் கார்டைப் படிக்க ஆள் வேண்டும். போட்டிக்குச் சம்பந்தமில்லாத மூன்று மூத்தவர்கள், எல்லாக் கோணத்து வீடியோவையும் சத்தமில்லாமல் பார்க்கட்டும். கார்டும் வீடியோவும் ஒட்டாத இடத்தில் ஜட்ஜைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். பதிலையும் வெளியிடட்டும். முடிவை மாற்றச் சொல்லவில்லை; எழுத்துப் பிழையோ மோசடியோ நிரூபணமானால் ஒழிய, ரிங்கில் உயர்த்திய கையை இறக்கக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜட்ஜை அளக்கிறேன் என்று, மற்ற ஜட்ஜுகளோடு அவர் ஒத்துப்போகிறாரா என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள். அப்படிப் பார்த்தால் நாங்கள் ரிங்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரர் என்ன போடுவார் என்று ஊகிக்க ஆரம்பித்துவிடுவோம். பெரிய பெயருக்குப் போட்டுவிட்டால் எல்லாரும் ஒத்துப்போனதாக ஆகிவிடும். நால்வர் தப்பாகப் பார்த்து ஒருத்தி சரியாகப் பார்த்திருந்தால், அந்த ஒருத்தியைக் காப்பாற்ற அவள் எழுதிய காரணம் மட்டும்தான் இருக்கும்.

நான்காவது, நியமனமும் கூலியும். மெக்லாரன் காட்டிய இடம் இதுதான். யார் எந்தப் போட்டிக்கு என்பதைப் போட்டிக்குச் சற்று முன்பு, இரண்டு கார்னரும் பார்க்க, குலுக்கிப் போடுங்கள். தொழில்முறையில் பல இடங்களில் ஜட்ஜின் கூலி, போட்டியை நடத்தும் புரமோட்டரின் பையிலிருந்துதான் வருகிறது. அந்தப் புரமோட்டரின் வீரன் ஒரு கார்னரில் உட்கார்ந்திருப்பான். ஜட்ஜ் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பார்க்கிறவனுக்கு நம்பிக்கை வருமா? புரமோட்டர்கள் ஒரு பொது நிதியில் கட்டட்டும், அங்கிருந்து எங்களுக்கு வரட்டும்.

ரவுண்டுக்கு ரவுண்டு ஸ்கோரை அறிவிப்பது பற்றியும் கேட்பீர்கள். ஒலிம்பிக்கில் இருக்கிறது, டபிள்யூ.பி.சி. நாலாவது, எட்டாவது ரவுண்டுக்குப் பிறகு அறிவிக்கும் முறையை வைத்திருக்கிறது. கார்னருக்கு நல்லது, கடைசி ரவுண்டைப் பார்க்க வந்தவனுக்குக் கெட்டது. எப்படியும் இருக்கட்டும்.

செயற்கை நுண்ணறிவு? 2024 டிசம்பரில் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கும் பிரிட்டனின் டைசன் ஃபியூரியும் இரண்டாம் முறை மோதியபோது பரீட்சார்த்தமாக அதையும் மார்க் போட வைத்தார்கள். மூன்று ஜட்ஜுகளும் 116-112 உசிக் என்றார்கள், யந்திரம் 118-112 உசிக் என்றது. ஜெயித்தவர் ஒருவரே என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அந்த வித்தியாசம் எந்த ரவுண்டில், எதனால் வந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். என் பக்கத்தில் உதவிக்கு உட்காரட்டும், ஆட்சேபணை இல்லை. என்னிடம் கேட்கிற கேள்வியை அதனிடமும் கேளுங்கள்.

2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் அரை இறுதித் தீர்ப்பை ஏற்க முடியாமல், பரிசளிப்பு மேடையில் தம் வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் வாங்காமல் எதிராளி கழுத்திலேயே போட்டார் இந்தியாவின் சரிதா தேவி. அவருக்கு ஒரு வருஷத் தடை வந்தது. கேள்வி கேட்ட வீராங்கனையிடம் விளக்கம் வாங்க அன்று எல்லா ஏற்பாடும் இருந்தது. தீர்ப்புச் சொன்னவர்கள் எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று அவருக்குச் சொல்ல ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

2019இல் பழைய சர்வதேச அமைப்பை ஒலிம்பிக் கமிட்டி இடைநீக்கம் செய்தது, 2023இல் அங்கீகாரத்தையே எடுத்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் குத்துச்சண்டை இருக்குமா என்பதே சந்தேகமாகி, 2025 மார்ச்சில்தான் உறுதியானது. வேர்ல்ட் பாக்சிங் நண்பர்களே, உங்கள் கையில் இன்னும் பழைய கறை ஒட்டவில்லை. அந்தக் கார்டை அச்சடிக்கச் சொல்லுங்கள். முதலில் சின்னப் போட்டிகளில் ஓட்டிப் பாருங்கள். பழகிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

என் பழைய கார்டை இப்போதே நிரப்பித் தருகிறேன். மூன்றாவது ரவுண்டு: புளூ, 10-9. அளவுகோல்: டிக் அடிக்க எதுவும் இல்லை, கை ஓடிய வேகத்துக்குக் கொடுத்தேன். அளவு: மயிரிழை. குத்துகள் விழுந்த இடம்: எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ரிங் ஓரத்தில் உட்காரும் ஒரு ஜட்ஜ்